சோறு ஆகாது, மாத்திரை தவறாது

சில பேருக்குக் குடி, சில பேருக்குச் சீட்டு. எனக்குச் சுருக்கி எழுதும் வியாதி. நீளமான கடிதம் எதைக் கண்டாலும் கை பரபரக்கும். மேலதிகாரியின் நான்கு பக்க உத்தரவை நான்கு வரியாக்கி, அந்த நான்கிலும் ஒன்றை நீலப் பென்சிலால் அடித்துவிட்டு, 'ஆகா, எப்பேர்ப்பட்ட மூளை!' என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன். (வேறு யாரும் மெச்சாததால் அந்த வேலையும் என் தலையிலேயே விழுந்தது.) அந்த வியாதி கடைசியில் ஒரு பெண்மணியின் கால்விரலில் கொண்டுபோய் விட்டது. எங்கள் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

இன்னொரு வியாதி சர்க்கரை. அது முப்பத்துமூன்றாம் வயதில் வந்தது. அறுபதுகளின் தொடக்கம். திருமயத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரத்தில் உள்ள ஓர் ஊரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். பாவம், அந்த ஆபீஸ் என்ன செய்யும்?

ஊர் டிஸ்பென்சரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயது, பெரிய கண்ணாடி, அதைவிடப் பெரிய பொறுமை. ஊசியும் மாத்திரையும் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை வியாதிக்காரர்கள் நாங்கள் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "அந்தம்மா கெடக்கு, பாகற்காய்ச் சாறு குடிங்க" என்று எங்களுக்குள் வைத்தியம் பார்த்துக்கொள்வோம். ஒருநாள் அவரே மரத்தடிக்கு வந்துவிட்டார்.

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறீங்க. ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் கேக்குறீங்க. சரி, அப்படியே இருக்கட்டும். வாரம் ஒரு நாள் கூடுங்க. யார் என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களான்னு நீங்களே கேட்டுக்குங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குங்க."

நல்ல யோசனை. செயலாளராக யார் இருப்பது என்ற கேள்வி எழுவதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். கெட்டது குடி.

முதல் காரியமாக ஒரு கரும்பலகையில் எழுதி டிஸ்பென்சரி வாசலில் மாட்டினேன்: 'சர்க்கரை நண்பர் குழு. ஞாயிறு காலை பத்து மணி. தொடக்கப்பள்ளி. அனைவரும் வருக.' ரேஷன் கார்டைக் காட்டித்தான் சர்க்கரை வாங்க முடிந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வரிசை. கையில் பை, பைக்குள் கார்டு. முன்னால் நின்ற அம்மாள், "ஆளுக்கு எம்புட்டுங்க குடுக்குறீங்க?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் குழுவில் ஆரோக்கியசாமி என்று ஒரு வாத்தியார் இருந்தார். ஆவூர்ப் பக்கத்துக்காரர். அவர்தான் சமாளித்தார்.

"அம்மா, இங்க இருக்கிற சர்க்கரை பூரா எங்க ஒடம்புக்குள்ள இருக்கு. எடுத்துக்கிட்டுப் போனீங்கன்னா எங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வரிசை திட்டிக்கொண்டே கலைந்தது. நான் ஒன்றை நினைத்து எழுதுவேன், ஊர் அதை வேறாகப் படிக்கும் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? 'பொதுமக்களின் அறியாமை காரணமாகக் கூட்டம் தாமதமாகத் தொடங்கியது' என்று குழுவின் நோட்டில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

நாங்கள் மொத்தம் ஏழு பேர். மூன்று பேரைச் சொன்னால் போதும். ஆரோக்கியசாமி வாத்தியார் ஒருவர். சுல்தான் மரைக்காயர் இன்னொருவர். கோட்டைப்பட்டினத்தில் பிறந்து எங்கள் ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவர், எதையும் கண் கலங்கிச் சொல்வார். மூன்றாவது சிகப்பி ஆச்சி. வீட்டுக்காரர் மலாயாவில். ஐம்பது வயதை நெருங்கிய ஆச்சி தனியாளாக நின்று பெரிய வீட்டையும் மூன்று பெண்களையும் கட்டி மேய்த்தவர். கடைசிப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் குறித்திருந்தது.

ஆச்சியின் வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண். செருப்புக் கடித்ததாம். கடித்து இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஆச்சி, ஒளிக்காமச் சொல்றேன். மூத்திரத்தைச் சோதிச்சா செங்கல் நெறம் வருது. ஆறு வாரத்துல அது பச்சைக்கு எறங்கணும். எறங்கினா புண்ணு ஆறிடும். இல்லேன்னா திருச்சிக்குப் போய் விரலை எடுக்க வேண்டி வரும்."

ஆச்சி குனிந்து புண்ணைப் பார்த்தார். பிறகு, "ஆவணியில கல்யாணமுங்க. வாரவுகளை வாசல்ல நின்னு நான்தானே வாங்கன்னு சொல்லணும்? காலைத் தூக்கி நாற்காலியில வச்சுக்கிட்டா சொல்றது?" என்றார்.

இந்தச் செங்கல், பச்சை சமாசாரம் இன்றைக்கு இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்போது கண்ணாடிக் குழாயில் நீல நிற மருந்தை ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் பிழைத்தாய். பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் டாக்டர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

அந்தச் சமயம் பார்த்து டாக்டரம்மாவுக்கு ஆறு வாரப் பயிற்சிக்குச் சென்னைக்கு உத்தரவு வந்தது. நீல மருந்தும் தீர்ந்துபோயிருந்தது. வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னார். ஊருக்குப் புறப்படுகிற அன்று இரண்டு தாள் நிறைய, பக்கம் பக்கமாக, தம் கையாலேயே எழுதி என்னிடம் கொடுத்தார். எதைத் தின்னலாம், எவ்வளவு தின்னலாம், மாத்திரையை எப்போது போட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

"வாராவாரம் இதைப் படிச்சுக் காட்டுங்க சார். ஒரு வரி விடாமப் படிக்கணும். திரும்பி வரும்போது திருச்சிப் பெரிய டாக்டரையும் கூட்டிட்டு வாரேன். ஏழு பேரையும் அவர் பாக்கட்டும்."

'ஒரு வரி விடாமல்' என்று என்னிடம் போய்ச் சொன்னார், பாவம்! பூனையிடம் பாலைக் கொடுத்துக் காவல் காக்கச் சொன்னது போல.

அன்று சாயங்காலமே நீலப் பென்சிலைக் கூர்சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் எழுதியிருந்ததில் ஒரு பத்தி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'அரிசியும், அரிசியால் செய்த இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, பணியாரம் ஆகிய எல்லாம் ஒன்றே. எதைச் சாப்பிட்டாலும் அளவு உண்டு.' இந்தப் பத்தியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அரிசி என்று சொன்ன பிறகு இட்லி, தோசை என்று ஓட்டல்காரன் மாதிரி அடுக்குவானேன்? சொன்னதையே சொல்லுதல்! அடித்தேன். சரி, அரிசி என்பதுதான் என்ன? கடைச்சரக்கு. யாராவது அரிசியை மென்று தின்கிறார்களா? வேகவைத்தால் சோறு. ஆகவே சோறு என்று போடு. அளவு என்று எழுதினால் எவ்வளவு என்று கேள்வி வரும். ஆகவே கூடவே கூடாது என்று போடு. ஒரு மணி நேரத்தில் இரண்டு தாளும் ஒரே வரியாகிவிட்டது:

'சோறு ஆகாது, மாத்திரை தவறாது.'

இயைபு வேறு தானாக வந்து விழுந்திருந்தது. அடடா! எழுந்து நின்று, கையை நீட்டி, மேடையில் பேசுவது போலச் சொல்லிப் பார்த்தேன். அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி கமலா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொல்லி, வரியையும் படித்துக் காட்டினேன். ராத்திரிக்குச் சோறு வேண்டாம், தோசை போதும், செயலாளரே சட்டத்தை மீறக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கமலா கரண்டியும் கையுமாக நின்றாள். "ஏங்க, தோசை எதுல சுடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஏன், கல்லுலதான்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் ஆறு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. "நான் கேட்டது மாவை" என்றாள்.

"இதெல்லாம் ஆபீஸ் விஷயம், ஒனக்குப் புரியாது. சோறு வேற, பலகாரம் வேற" என்று சொல்லிவிட்டு ஐந்து தோசை சாப்பிட்டேன். ஒன்று நெய்யில்.

இந்த இடத்தில் எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசலாமா என்று பார்க்கிறேன். வாயில் வரமாட்டேன் என்கிறது. எங்கள் பக்கத்தில் சோறு என்றால் சோறுதான். பதினைந்து இட்லி தின்றவனைச் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால், "இன்னும் சோறு திங்கலைங்க, பலகாரந்தான் ஆச்சு" என்பான். இது ஊருக்கே தெரியும். தெரிந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். தெரியாத ஊரிலிருந்து வந்த டாக்டரம்மா அதை யோசித்து, ஒவ்வொரு பலகாரத்தையும் பேர் சொல்லி எழுதினார். நான் அடித்தேன்.

அடுத்த ஞாயிறு அந்த வரியைக் கரும்பலகையில் எழுதினேன். ஏழு சீட்டில் அழகாக எழுதி ஆளுக்கொன்று கொடுத்தேன். டாக்டரம்மாவின் தாள்களைப் படித்துக் காட்டவில்லை. அவற்றின் சாரம்தான் இருக்கிறதே! ஆச்சி சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி படத்துப் பக்கத்துல ஒட்டிடுறேன் தம்பி. என் விரலு ஒங்க எழுத்துலதான் இருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதன் பிறகு நடந்த கூட்டங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னை அறையத் தோன்றுகிறது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஏழு பெரிய மனிதர்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவராக எழுந்து வாரக் கணக்கைச் சொல்ல வேண்டும். வேதக்கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது போல என்று வாத்தியார் அதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பேர் வைத்திருந்தார். "கோயில்ல சாமியார் தட்டிக்கு அங்கிட்டு இருப்பாரு, மூஞ்சி தெரியாது. இங்க குமாஸ்தா சார் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்ல வேண்டியிருக்கு. அதுவே பாதி தண்டனை" என்பார்.

"சோறு?" என்று நான் கேட்பேன்.

"தொடலைங்க."

"மாத்திரை?"

"தவறலைங்க."

நோட்டில் ஒரு டிக். எல்லோரும் கைதட்டுவார்கள். மரைக்காயர் ஒரு வாரம் கண் கலங்கி எழுந்தார். "தம்பி, மச்சினன் வீட்டுக் கல்யாணம். நெய்ச்சோறு ஆக்கி எறக்குறாங்க, வாசம் தெருவைத் தூக்குது. வாசல்லயே ஸலாம் சொல்லிட்டுத் திரும்பிட்டேன்" என்றார். நான் மேஜையை விட்டு எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஆச்சி தூக்குச்சட்டியைத் திறப்பார். உள்ளே வெள்ளைப் பணியாரம், நிலா நிலாவாக. மிளகாய்த் துவையல் தனியே. "வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதுல்ல, அதான் கொண்டாந்தேன். சீனி ஒரு துளி கெடையாது. சுத்தமான பச்சரிசியும் உளுந்தும்" என்று சொல்லிச் சொல்லித்தான் கொடுப்பார். பச்சரிசி என்று வாய்விட்டுச் சொல்வார்! 'சோறு ஆகாது' என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து ஏழு பேரும் பணியாரம் தின்போம். நான் நாலு. செயலாளர் என்பதால் ஐந்தாவது ஒன்றையும் ஆச்சி வற்புறுத்தி வைப்பார்.

மூன்றாவது வாரம் ஆச்சி பெஞ்சிலிருந்து எழும்போது முகம் சுளித்தார். "புண்ணு ஆறலையே தம்பி. கம்பவுண்டர் கட்டு மாத்தும்போது வாடை அடிக்குதுங்கிறாரு."

"ஆறும் ஆச்சி. சோறு படாத உடம்பில் புண் தங்காது" என்றேன் நான்.

எந்த வைத்திய நூலில் படித்தேன்? எங்கேயும் இல்லை. அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. கம்பவுண்டர் டாக்டரம்மாவுக்குக் கடுதாசி போடலாமா என்று கேட்டதற்கும், அவர் படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். என் குழு, என் ஆறு வாரம், என் ஒற்றை வரி. பெரிய டாக்டர் வந்து பார்த்து மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்பதே எனக்குக் கவலை. ஆச்சியின் விரல் எனக்கு இரண்டாம்பட்சமாகப் போயிருந்தது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளும் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மாவிலை கட்டினேன். பெரிய டாக்டர் வந்தார். ஆறடி உயரம், அதிகம் பேசாதவர். டாக்டரம்மா ஸ்பிரிட் விளக்கு, நீல மருந்து, மரச் சட்டத்தில் ஏழு கண்ணாடிக் குழாய் என்று எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். அவரவர் பேர் ஒட்டிய சீசாக்களும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் வரவேற்புரை ஆற்றினேன். எதிரில் ஏழு சீசா மூத்திரத்தை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் செந்தமிழில் பேசியவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "சோறு என்னும் கொடும்பகையை இக்குழு வேரோடு களைந்துவிட்டது" என்று முடித்தேன். வாத்தியார் மட்டும் கைதட்டினார்.

முதல் குழாயைக் கொதிக்க வைத்தார்கள். நீலம் பச்சையாயிற்று. நான் மீசையைத் தடவினேன். பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் அங்கே நிற்காமல் செங்கலாயிற்று. அது மரைக்காயருடையது. சரி, ஒருவர் ஏமாற்றியிருக்கிறார் என்று அவரை ஒரு முறை முறைத்தேன். பாவம், அவர் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். இரண்டாவதும் செங்கல். மூன்றாவதும் செங்கல். நான்காவது வாத்தியாருடையது, செங்கல்.

வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இன்னும் நாலு பேரைச் சேத்தோம்னா பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவரே எழுப்பிடலாம்" என்றார்.

ஐந்தாவதும் செங்கல். ஆறாவது ஆச்சியுடையது. மற்றவற்றைவிடக் கருஞ்சிவப்பாக வந்தது. டாக்டரம்மா விளக்கை இறக்கி வைத்துவிட்டு ஆச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஆச்சி, நெசத்தைச் சொல்லுங்க. சோறு எவ்வளவு சாப்பிட்டீங்க?"

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பருக்கை தொட்டிருந்தா என் மக கல்யாணம் நல்லா நடக்காதுங்க டாக்டரம்மா! ஆறு வாரமாச்சு, சோத்துப் பானையை அடுப்புலயே ஏத்தலை."

பெரிய டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "சரிங்கம்மா. சோறு சாப்பிடலை. நேத்து வேற என்ன சாப்பிட்டீங்க?"

ஆச்சி விரல் விட்டுச் சொன்னார். "காலையில இட்லி, ஏழுதான். பதினோரு மணிக்குக் கொஞ்சம் பணியாரம். மத்தியானத்துக்குச் சோறு இல்லைல்ல, அதனால இடியாப்பம் ஒரு தட்டு, கூட ரெண்டு ஆப்பம். சாயங்காலம் மகளுக்குக் கொழுக்கட்டை பண்ணேன், வாயில ரெண்டு போட்டுக்கிட்டேன். ராத்திரி லேசா நாலு தோசை. சோறு மட்டும் இல்லவே இல்லைங்க."

"நமக்கு இடியாப்பந்தான், மூணு வேளையும்" என்றார் மரைக்காயர் நம்பிக்கையோடு.

பெரிய டாக்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மாவிலையைப் பார்த்தேன். "நான் எழுதிக் குடுத்த தாளு எங்க சார்?"

ஃபைலில் இருந்தது. செயலாளர் அல்லவா, பத்திரமாக நம்பர் போட்டுக் கோத்து வைத்திருந்தேன். பெரிய டாக்டர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார். நீலக் கோடு விழுந்திருந்த இடத்தை மட்டும் உரக்கப் படித்தார். இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, பணியாரம் ஆகிய எல்லாம் ஒன்றே. பிறகு, "இந்த நீலப் பென்சில் யாரோடது?" என்று கேட்டார்.

பென்சில் என் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பதில் சொல்லும் சிரமம் எனக்கு இருக்கவில்லை.

கம்பவுண்டர் ஏழாவது குழாயைப் பேசாமல் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அது என்னுடையது. அதன் நிறத்தை நான் சொல்ல வேண்டுமா? வேறு யாரையாவது ஏமாற்றிவிட்டு நான் மட்டும் தப்பித்திருந்தால் அயோக்கியன் என்றாவது பேர் கிடைத்திருக்கும். என்னையே நான் ஏமாற்றிக்கொண்டதால் அந்தப் பேரும் இல்லை. மடையன், அவ்வளவுதான்.

ஆச்சிக்கு விஷயம் மெதுவாகத்தான் விளங்கியது. தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என் முகத்துக்கு வந்தார்.

"அப்ப என் விரலு?" என்றார்.

நான் நீலப் பென்சிலைச் சட்டைப் பைக்குள் அமுக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆச்சியைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். விரலை எடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணுக்கு அந்த ஆறு வாரம் தேவைப்பட்டது, அதை நான் தின்றுவிட்டேன் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அவர் எதுவுமே சொல்லவில்லை. அதுதான் எனக்கு ராத்திரி பகலாகக் குடைந்தது. கமலா என்னைப் பிடித்து, "போய்ப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க" என்று பஸ் ஏற்றிவிட்டாள். கையில் ஒரு டஜன் சாத்துக்குடி. (சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரைக் குழுவின் செயலாளர் வாங்கிப் போன பழம்.) கீரனூர் வந்தது. பஸ் பத்து நிமிஷம் நின்றது. ஆச்சியின் முகத்தை நினைத்தேன். இறங்கினேன். ஒரு காப்பி குடித்தேன். எதிரே வந்த புதுக்கோட்டைப் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். கமலா சாத்துக்குடிப் பையை வாங்கிப் பார்த்தாள். பையோடு உள்ளே போய்விட்டாள். இவ்வளவு தைரியசாலியைக் கட்டிக்கொண்டதற்கு அவள் என்ன பாவம் செய்தாளோ!

குழுவை இனி யார் நடத்துவது, கலைத்துவிடலாமா என்று பேச்சு அடிபட்டது. ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆச்சி ஒற்றை மாட்டு வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கினார். காலில் கட்டு, கையில் ஊன்றுகோல். நான் கடைசிப் பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டேன்.

வண்டியிலிருந்து ஒரு பெரிய தாம்பாளமும் சாக்குப் பையும் வந்தன. ஆச்சி தாம்பாளத்தை மேஜையில் வைத்தார். ஒரு பக்கம் ஏழு இட்லி. பக்கத்தில் ஒரு தட்டு இடியாப்பம். அதற்குப் பக்கத்தில் ஆப்பம், பணியாரம், கொழுக்கட்டை. பிறகு பையைத் திறந்து, ஒவ்வொரு பலகாரத்துக்கு எதிரிலும் அது ஆவதற்கு எவ்வளவு அரிசி போட்டாரோ அவ்வளவு அரிசியை அளந்து குவித்தார். கடைசியில் ஒரு கிண்ணம் சோறு, அதற்கு எதிரில் ஒரு பிடி அரிசி. எல்லாக் குவியலிலும் சின்னது அதுதான்.

"இதுல எது சோறு, எது பலகாரம்னு இந்த அரிசியப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மரைக்காயர் எழுந்து வந்து இடியாப்பத்துக்கு எதிரில் இருந்த குவியலைப் பார்த்து, "யா அல்லாஹ், மூணு வேளையும் இதையா தின்னேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு தாளில் டாக்டரம்மா சொன்னதும், ஒரு வரியில் நான் கெடுத்ததும், ஒரு தாம்பாளத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பிறகு ஆச்சி இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். நான் எழுதிக் கொடுத்தது. சாமி படத்துப் பக்கத்திலிருந்து பிய்த்து எடுத்த பசை அதில் இன்னும் ஒட்டியிருந்தது. "தம்பி, எதுக்கு அங்கிட்டுப் போயி ஒளியிறீங்க? இங்கிட்டு வாங்க. பேனா இருக்கா? அந்த நீலப் பென்சில் வேணாம், பேனா."

போனேன். "ஆச்சி, நான்…" என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதணும், ஒரு வார்த்தை விடாம. இட்லியும் அரிசி. தோசையும் அரிசி. ஆப்பமும் அரிசி. இடியாப்பமும் அரிசி…"

சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டே போனேன். இடையில், பழக்க தோஷம், 'மேற்படி' என்று போட்டுவிட்டேன். ஆச்சி குனிந்து பார்த்தார். "அது என்ன மேற்படி? அடிங்க அதை. புட்டும் அரிசின்னு எழுதுங்க." அடித்தேன். எல்லாப் பெஞ்சும் சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, எழுத்து மறைத்தது, அப்படியும் எழுதினேன்.

அதன் பிறகு குழுவை ஆச்சிதான் நடத்தினார். அடுத்த சோதனையில் மரைக்காயர் மஞ்சளுக்கு வந்தார், அதற்கடுத்ததில் பச்சைக்கு. ஒவ்வொருவராக இறங்கினோம். கடைசியாக இறங்கியவன் நான்.

ஆவணியில் கல்யாணம். கமலாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். வாசலில் ஆச்சி நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லை, நாற்காலி இல்லை. வருகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்று கைகூப்பி அழைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஒம்பது விரலு போதும் தம்பி நிக்கிறதுக்கு. உள்ள போங்க" என்றார்.

பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் பலகாரங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஆச்சி நேரே பந்திக்குள் வந்து பரிமாறுகிறவரை நிறுத்தினார். "இந்த எலைக்குப் பலகாரம் கெடையாது. இவருக்குச் சோறு ஒரு கரண்டி போடுங்க. ஒண்ணே ஒண்ணு." பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு கரண்டிச் சோற்றை நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. இறங்கினால்தானே! அன்றைக்கு ஆச்சியிடம் மன்னிப்பும் கேட்டேன். "கீரனூர்லயே எறங்கிட்டீங்களாமுல்ல? காப்பி நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். கமலா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது சுருக்கமாகச் சொன்னால் உடனே, "சோறு ஆகாது" என்று கத்துவார்கள். பிள்ளைகள் பரீட்சையில் பாதிப் பதில் எழுதிவிட்டு வந்தால் "அப்பா மாதிரி" என்பார்கள். செய்யப் பயந்து பாதியில் திரும்புகிறவனுக்குக் 'கீரனூர்' என்றே பேர். மருமகன் முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது, இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அவருக்கு அறிமுகம் செய்தார்கள்.

ஆச்சி கடைசி வரைக்கும் அந்த ஒன்பது விரலோடு நடந்தார். போவதற்கு முன்னால் அந்தச் சீட்டைக் கமலாவிடம் கொடுத்துவிட்டிருந்தார். கமலா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டியிருக்கிறாள், பின்பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி. என் கையெழுத்துத்தான், 'மேற்படி'யை அடித்த கோடும் அப்படியே இருக்கிறது. பசி மிஞ்சி, ராத்திரி இன்னும் ஒரே ஒரு தோசை கிடைக்குமா என்று நான் போய் நிற்கும்போதெல்லாம் அவள் திரும்பாமலே கேட்பாள்.

"தோசை எதுல சுடுறாங்க?"

"அரிசியில" என்று சொல்லிவிட்டு நான் வந்து படுத்துக்கொள்வேன்.